மூன்றாவது வரிசையில் நாத்தனார்

தெருவில் எல்லோருக்கும் அவள் பைக்காரம்மா. இரண்டு தையல் மெஷினும் ஒரு வெட்டு மேசையும் போட்டால் திரும்ப இடமில்லாத கடையில் பன்னிரண்டு வருஷமாகப் பை தைக்கிறாள். ஆரம்பத்தில் அவள் தைத்த பைகளின் பிடி மூன்றே மாதத்தில் பிய்ந்து வந்தது. வாங்கியவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டாலும் முகம் சுளிக்காமல் வாங்கி, தையலைப் பிரித்துப் பார்த்து, தப்பைக் கண்டுபிடித்துத் திரும்பத் தைத்துக் கொடுப்பாள். கடை நிலைத்தது அப்படித்தான்.

இன்னொரு மெஷினில் தைப்பவள் நாத்தனார், கணவனின் தங்கை. வாயைத் திறந்தால் அபராதம் போடுவார்களோ என்று பயந்தவள்போல இருப்பாள்.

கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு கையாலேயே திறந்து மூடக்கூடிய பை. ஜிப் பக்கவாட்டில் சரிந்து வரும். விரல் நுழைகிற அளவுக்கு அதில் ஒரு வளையம் இருக்கும். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்கள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள் எல்லோரும் தேடி வந்து வாங்கினார்கள்.

அதனால் சிறுதொழில் செய்வோர் சங்கத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். சொந்தத் தொழிலில் முன்னுக்கு வர என்ன குணம் வேண்டும் என்பதுதான் பேச்சு. பொறுமை வேண்டும், குறை சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும், தோற்றால் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று மனதில் இருந்ததைப் பேசினாள். அதுவரை எல்லாம் உண்மை.

மெழுகுவத்தி செய்யும் ஒரு பெண் எழுந்து, அந்தப் பை யோசனை எப்படி வந்தது என்று கேட்டாள்.

"ஒருநாள் பஸ்ல நின்னுட்டு வரும்போது பளிச்னு தோணுச்சு" என்றாள் பைக்காரம்மா.

அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் நாத்தனாரும் தட்டினாள். தன் இடது கை ஒடிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தபோது, மிச்சத் துணியில் அந்தப் பையை முதன்முதலில் தைத்தவள் அவள்தான்.

பைக்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மைக் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் சொன்னாள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது, நல்லாப் பேசினீங்க என்று நாத்தனார் சொன்னதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த சில நாட்கள் நாத்தனாரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினாள். புதுக் கத்திரிக்கோல் வாங்கி அவள் மேசையில் வைத்தாள்.

"எதுக்கு அண்ணி? பழசே நல்லாத்தானே வெட்டுது" என்றாள் நாத்தனார்.

அதற்குமேல் தாங்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, "அன்னைக்கு மேடையில நான் பொய் சொல்லிட்டேன். அது உன் பை" என்றாள்.

நாத்தனார் துணியை மடித்து வைத்தாள். "கஷ்டமா இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா அதுகூடப் பரவாயில்ல அண்ணி. நான் முதல்ல கொண்டுவந்து காட்டினப்போ, நொண்டிப் பையை யாரு வாங்குவான்னு சிரிச்சீங்களே. அதுவாவது ஞாபகம் இருக்கா?"

இல்லை. சுத்தமாக மறந்துபோயிருந்தது. அன்று மேடையில் கூசியதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. குறை சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பக்கத்து மெஷினில் இருந்தவள் சொன்னதைக் கேட்கவில்லை.

சங்கச் செயலாளரிடம் போய், அடுத்த கூட்டத்தில் ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றாள். வீட்டுக்குள் முடிகிற விஷயத்தை எதற்கு வெளியே கொண்டுவருகிறீர்கள் என்று அவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. கூட்டத்தில் நின்று, யோசனை என்னுடையதல்ல, நாத்தனாருடையது, அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்று சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. சிலர் காலடியைப் பார்த்தார்கள். நாத்தனார், தைக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று வராமலே இருந்துவிட்டாள்.

இருவரும் இப்போதும் ஒரே கடையில்தான் தைக்கிறார்கள். பேச்சுவார்த்தைக்குக் குறைவில்லை. போன மாதம் நாத்தனார் புதிதாக ஒரு பை தைத்தாள், சக்கர நாற்காலியின் கைப்பிடியில் மாட்டுவதற்கு. அதை முதலில் வாடிக்கையாளர் ஒருவரிடம் காட்டினாள், பிறகு அண்ணனிடம். அவன் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொல்லித்தான் பைக்காரம்மாவுக்குத் தெரிந்தது. எனக்கு ஏன் காட்டவில்லை என்று அவள் கேட்கவில்லை.