காயாத தகரப் பெட்டி

அக்கா இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டிய பெட்டிக்கு நான்தான் பெயின்ட் அடித்தேன். எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் அவள் புருஷன் மாமாவும் நானும் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றில் இருந்தோம். எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை; அதனால் இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். கப்பலேறுகிறவர்கள் பெட்டி மூடியில் பெயரும் ஊரும் எழுதித்தான் கொண்டுபோவார்கள். இல்லாவிட்டால் தலைமன்னார் துறைமுகத்தில் கைமாறிவிடும். வெள்ளிக்கிழமை பயணம். அதற்குள் பெட்டி காய வேண்டும்.

பழைய பெட்டி, துருப்பிடித்தது. நோர்வூட் கடைக்கார நானாவிடம் துருவுக்கு மேல் அடிக்கும் சிவப்பு பிரைமர் வாங்கினேன். பிரஷ்ஷால் அடித்தால் கோடு விழும் என்று, துரை பங்களாவில் கொசு மருந்து அடிக்கும் பம்பை இரவல் வாங்கி அதில் ஊற்றி அடித்தேன். பெரிய மேதாவித்தனம்! இருமல்காரன் துப்பியது போலக் கட்டி கட்டியாக விழுந்தது. வழித்தெடுத்துவிட்டு, பிரைமரை வேட்டித் துணியில் வடிகட்டி, டர்பன்டைன் கலந்து மறுபடி அடித்தேன். இப்போது வட்ட வட்டமாக விலகி நின்றது. அக்காவின் தேங்காயெண்ணெய்க் கை பட்ட இடங்கள் அவை. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, திரும்பவும் அடித்தேன். ஒட்டியது. ஆனால் காயவில்லை. பாழாய்ப்போன பனிமூட்டம் லயத்து வாசலை விட்டு நகரவே இல்லை. தொட்டால் விரலோடு வந்தது.

பெட்டியைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு தேயிலை ஸ்டோருக்குப் போனேன். தேயிலை காயவைக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வாசலிலேயே மறித்தார்.

“தேயிலையில பெயின்ட் வாடை ஏறுனா தொரைக்கு நீயா பதில் சொல்லுவ? தூக்கிட்டு ஓடு!”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது அந்த ஸ்டோரிலேயே வேலை செய்கிற எனக்குத் தெரியாதா? ஆனால் திரும்பி நடக்கும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. பெட்டி காயாவிட்டால் பயணம் நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

அக்கா மூடியைத் தொட்டுப் பார்த்தாள். சிவந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“விடுடா தம்பி. சாக்குல கட்டிக்கிறோம்.”

வெள்ளிக்கிழமை ஹட்டன் ஸ்டேஷனில் சாக்கு மூட்டைகளோடு ரயிலேறினார்கள். முந்தானையில் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் நல்ல வெயில். மத்தியானத்துக்குள் பிரைமர் இறுகிவிட்டது; ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. வெள்ளைப் பெயின்ட்டில் அக்கா பெயரை எழுதி, பெட்டியைக் காம்பிராவுக்குள் தூக்கி வைத்தேன். பிறகு உலை வைத்தேன். ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.