இறங்கி ஏறிய பெயிண்டர்

நீளக் கால்களால் அவருக்குக் கொக்கு என்று பெயர் வந்தது. மடக்கு ஏணியின் உச்சியில் இருபுறமும் கால் போட்டு நின்று, இடுப்பை ஓர் ஆட்டு ஆட்டினால் ஏணியும் அவரோடு சேர்ந்து நடக்கும். கீழே இறங்காமலே ஒரு ஹாலுக்குப் பெயிண்ட் அடித்து முடித்துவிடுவார்.

"முழத்துக்கு ஒருக்கா இறங்கி ஏறுறவன் பெயிண்டரா? தபால்காரன்!" என்பார்.

அவரிடம் வேலை பழகிய மைத்துனர், மனைவியின் தம்பி, ஒருநாள் அதேபோல் ஏணியை நடக்கவிட்டார். தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளில் ஏணியின் ஒரு கால் வழுக்கியது. விழுந்தது நாலு படி உயரம்தான். இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் படுக்கை.

"நீங்கதானே கத்துக்குடுத்தீங்க" என்றாள் மனைவி. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அதன்பிறகு கொக்கு இறங்கி ஏறினார். தொப்புள் ஏணியின் பக்கச் சட்டத்தைத் தாண்டும்படி எட்டக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். கை எட்டவில்லையா, இறங்கு, நகர்த்து, ஏறு. டப்பாவைக் கையில் பிடிக்காமல் கொக்கியில் மாட்டினார். ஐம்பது வயதில் முட்டி முனகியது. ஒருநாள் வேலை ஒன்றரை நாள் இழுத்தது.

ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன கொக்கண்ணே, வேலைக்கு வந்தீங்களா, எக்சர்சைஸ் பண்ண வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். ரெண்டாவதுக்குக் கூலி வேணாம்."

"விளையாடாதீங்க. நாளைக்கு முடியலைன்னா அடுத்த கட்டடத்துக்கு வேற ஆளைத்தான் கூப்பிடுவேன். பழையபடி நடக்கவிட வேண்டியதுதானே? யாரு பாக்கப்போறா?"

மைத்துனர் முக்காலியில் உட்கார்ந்து சுவரின் அடிப்பகுதிக்கு அடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு அதுதான் வேலை.

"நடங்க மாமா," என்றார். "நான் வந்து ஏணியைப் பிடிச்சுக்கறேன்."

சுவரில் கை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை பாதி எழுந்து, மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொக்கு பிரஷ்ஷை டப்பாவில் போட்டார். ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"நீ உக்காரு மாப்ளே," என்றார். ஏணியை இரண்டடி நகர்த்தி, நாலு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

ஹாலை முடிக்க மூன்று நாள் ஆனது. மேஸ்திரி அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. இருவரும் சின்னச் சின்ன வீட்டு வேலைகளாகப் பிடித்துப் பதினோரு வருஷம் ஓட்டினார்கள். போன மாதம் கொக்கு இறந்தார். நுரையீரல் கோளாறு. தம் வீட்டுக் கட்டிலில்தான் உயிர் போனது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மைத்துனர் சொன்னார்: "அந்த மேஸ்திரி வேலை போனதுக்கு மாமா ஒருநாள்கூட வருத்தப்படல. எனக்குத்தான் ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு."