ஐந்தாம் மாடி வீட்டுக்குத் தகுதி

ஹார்லெமில் ஓர் ஐந்தாம் மாடி வீட்டில் ஒன்பது வருடம் பாய்கின் என்ற கிழவரைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டவள் டெல்பினா ரோசாரியோ. அவர் ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக். பக்கவாதத்தில் பேச்சு போனபின் கைத்தடியால் தரையைத் தட்டித்தான் பேசுவார். இரண்டு தட்டினால் அவள் வர வேண்டும். மூன்று தட்டினால், வந்திருப்பது யார் என்று கேட்கிறார்.

சொந்தக்காரன் கைவிட்டு ஓடிய அந்தக் கட்டடத்தைக் குடியிருந்தவர்களே சேர்ந்து எடுத்தபோது, இருநூற்றைம்பது டாலருக்கு அவர் வாங்கிய வீடு அது. குறைந்த வருமானக்காரர்தான் வாங்கலாம் என்பது விதி. அவர் இறந்ததும் அண்ணன் மகள் அதை விற்பனைக்குப் போட்டாள். டெல்பினா விண்ணப்பித்தாள்.

கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவி வெர்னா காகிதங்களைப் புரட்டிவிட்டு, வருமானம் வரம்புக்குள் கச்சிதமாக இருப்பதாகச் சொன்னாள். விலை மூன்று லட்சத்து இருபதாயிரம் டாலர். இந்த மாதிரி வீட்டுக்கு வங்கி கடன் தராது, ரொக்கம்தான் என்றும் சொன்னாள்.

"மிஸ் வெர்னா, சம்பளமும் கம்மியா இருக்கணும், கையில இவ்ளோ பணமும் இருக்கணும். அப்படிப்பட்ட ஆள் யாரு?"

"வர்றாங்கம்மா," என்றாள் வெர்னா. "எங்கேருந்தோ வர்றாங்க."

இருந்தாலும் வீட்டைத் திறந்து காட்டினாள். ஜூலை மாத நடுப்பகல். சாமான் எல்லாம் போய்ச் சுவர் மட்டும் நின்றது. படுக்கையறையில் இரண்டு தட்டு கேட்டது. "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் டெல்பினா திடுக்கிட்டாள். அறை வெறுமையாகக் கிடந்தது.

"ஹீட்டர் குழாய்," என்றாள் வெர்னா. கோடையில் ஹீட்டர் ஓடாது என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டை வாங்கியவன் எலியட் என்ற மாணவன். அவனுக்கு வருமானமே இல்லை, பணம் அப்பாவுடையது. செப்டம்பரில் வெர்னாவிடம் எண் வாங்கி டெல்பினாவை அழைத்தான். அவள் போனபோது அவன் மெத்தை சமையலறையில் கிடந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குப் படுக்கையறைக்குள் மூன்று தட்டு.

"யாருன்னு கேக்கறாரு. பேரைச் சொல்லுங்க தம்பி."

"எலியட்," என்றான். மறுபடி மூன்று. முழுப்பெயரையும் சொன்னான். மறுபடி மூன்று.

"நான்தான் ஐயா, டெல்பினா."

சத்தம் நின்றது.

தினமும் சாயங்காலம் வந்து உட்கார முடியுமா, மணிக்கணக்குக்குச் சம்பளம் தருகிறேன் என்று கெஞ்சினான். வேறு வேலை அமையவில்லை, ஒப்புக்கொண்டாள். குளிர்காலம் முழுக்க அந்த வெற்று அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஏழு மணிக்கு ரயிலேறி, பிராங்ஸில் தான் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்குத் திரும்பினாள். அங்கே ஓசையே இருக்காது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மார்ச்சில் எலியட் வீட்டை விற்கப் போட்டான். விலை இன்னும் ஐம்பதாயிரம் ஏறியிருந்தது. கடைசி நாள் அவளுக்குச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, வாங்க வருபவர்களிடம் எதுவும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

அவள் சொல்லவில்லை. அவளிடம் கேட்கவும் யாரும் வரவில்லை.