ஏழாம் படியில் அந்தோணியார்

இரண்டு வாளித் தண்ணீரோடு மாடிப்படி ஏறும் சகாயநாதன் ஏழாம் படியில் நின்றுவிடுவார். அங்கே சுவர் மாடத்தில் அந்தோணியார் சுரூபம் இருக்கிறது. வாளிகளை இறக்கி வைத்து, அந்தோணியாரின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிதானமாகச் சிலுவை போடுவார். பதினான்காம் படியில் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். அது இறுக்கமாகத்தான் இருக்கும். கடைசிப் படியான இருபத்திரண்டாம் படிக்கு வரும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது.

"அந்தோணியார் கன்னம் தேஞ்சிப் போவுது மாமா" என்பாள் புஷ்பமேரி. குருசுக்குப்பத்திலிருந்து படிக்க வரும் வாயாடி.

"தேயட்டும் பாப்பா. நானுந்தான் தேயறேன்."

கன்னியர் நடத்தும் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் எடுப்பது அவர் வேலை. வயது நாற்பத்து நான்கு. பதினாலு வருஷம் ஆலையில் பஞ்சு அடிக்கும் இடத்தில் நின்றவர். பஞ்சை விட்டு வந்துவிட்டார். பஞ்சு அவர் நெஞ்சை விட்டபாடில்லை. அவருக்கு முன் தண்ணீர் எடுத்த கண்ணையன் இருமத் தொடங்கிய மாதமே, பெரிய மதர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் சகாயநாதன் பள்ளிக்கூட வாசலுக்குள் உட்காருவதே இல்லை. முதலியார்பேட்டை வீட்டுக்குப் போய்த்தான் முதுகைச் சாய்ப்பார்.

"சாமி பேரச் சொல்லி ஏமாத்தறேன் வேளாங்கண்ணி" என்று மனைவியிடம் ஒருநாள் சொன்னார். "அந்தோணியாருக்குத் தெரியும். மதருக்குத் தெரியாம இருந்தா போதும்."

போன வாரம் கீழ்த் தாழ்வாரத்தில் நாலாம் வகுப்புக்கு மூச்சுப் பாடம். 'மாசேர்' என்று பிள்ளைகள் கூப்பிடும் வகுப்புக் கன்னியர், சும்மா இருக்கையில் எத்தனை மூச்சு, ஓடி வந்தால் எத்தனை மூச்சு என்று பிள்ளைகளையே எண்ணிப் பார்க்கச் சொன்னார். மாசேரின் கடிகாரத்தில் விநாடி முள் இல்லை. அதற்கு அவர் ஒரு வழி கண்டார்: மாதாவை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தைச் செபத்தை ஐந்து தரம் சொல்லி முடிக்கும் நேரம்தான் கணக்கு. செபமாலை மாதத்தில் ஏற்றம் இறக்கம் இல்லாமல் முன்னே நின்று சொல்லுகிறவர் சகாயநாதன். அவரையே சொல்லச் சொன்னார்.

முதல் தரம் குறையில்லை. பிள்ளைகளுக்குப் பதினெட்டு, இருபது என்று வந்தது. மாசேர் கரும்பலகையில் எழுதினார்.

பிறகு பிள்ளைகள் பூவரச மரத்தைப் பத்துச் சுற்று ஓடினார்கள். அதற்குள் மாடியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று ஆள் வந்தது. சகாயநாதன் இரண்டு வாளியோடு எங்கும் நிற்காமல் ஏறி, அவர்கள் ஓடி முடிக்கையில் இறங்கி வந்து, மறுபடி செபத்தைத் தொடங்கினார். முதல் செபம் முடிந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே போனார்கள். புஷ்பமேரி நாற்பதைத் தாண்டிவிட்டாள். இன்னும் மூன்றரைச் செபம் பாக்கி. மாசேர் நிமிர்ந்து பார்த்தார்.

புஷ்பமேரி எண்ணுவதை விட்டாள். செபமாலையில் எல்லாரும் பதில் சொல்வதுபோல, மிச்சப் பாதியைக் கணீரென்று சொன்னாள். மற்றப் பிள்ளைகளும் பழக்கத்தில் சேர்ந்துகொண்டார்கள். அதன் பிறகு சகாயநாதன் முதல் பாதியை மட்டும் சொன்னால் போதும் என்றாயிற்று. பிள்ளைகள் பதில் சொல்லும் நேரத்தில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

மாசேர் சாக்குக் கட்டியோடு நின்றார். எத்தனை என்று கேட்டார்.

"செபம் சொல்லிக்கினு எப்படி மாசேர் எண்றது?" என்றாள் புஷ்பமேரி.

மாசேர் தூணைப் பார்த்தார், காலி வாளிகளைப் பார்த்தார். கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. சாக்குக் கட்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளையிலேர்ந்து தண்ணி கீழேயே இருக்கட்டும், சகாயநாதன். பிள்ளைங்க எறங்கி வந்து குடிக்கட்டும். ஏறி எறங்குனா அதுங்க மூச்சுக்கு நல்லது. மதர்கிட்ட நான் அப்படித்தான் சொல்லப்போறேன்."

மறுநாள் காலை, மாடியிலிருந்த செப்புத் தவலையைக் கீழே கொண்டுவர அவர் ஏறினார். பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வெறுந்தவலையோடு இறங்குகையில் ஏழாம் படியில் நின்றார். அந்தோணியாரின் கன்னத்தைத் தொடவில்லை. தவலையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்.