கழுத்துக்கு மேலே மண்

லிஃப்ட்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்த்த மனிதர், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் மூன்று மாடி ஏறித்தான் வீட்டுக்குப் போவார். இரண்டாம் மாடியில் இருக்கிற எங்களுக்கு அது ஒரு வேடிக்கை.

"அண்ணா, நமக்கும் ஒண்ணு மாட்டிவிடக் கூடாதா?" என்று கேட்பேன்.

"கயிறு இருக்கு. நீ கூடையில உக்காரு, இழுத்துக்கறேன்" என்பார்.

அதோடு சரி. முப்பது வருடம் மோட்டார் அறைகளின் இரைச்சலில் நின்று அவருக்கு இடது காது மந்தமாகிவிட்டது. பேசும் பொறுப்பையெல்லாம் மனைவியிடம் குத்தகைக்கு விட்டிருந்தார்.

அந்த அம்மாளும் குத்தகையைக் குறைவில்லாமல் நடத்தினார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. சாயங்காலம் திரும்பினால் ஒவ்வொரு மாடியிலும் ஒரு நிறுத்தம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால்மணி நேரம். பேச ஆள் கிடைக்காத நாளில் பால்கனியில் இருந்த பதினாறு தொட்டிகளோடு பேசுவார். எல்லாம் லில்லி. வெங்காயம் போல ஒரு கிழங்கு, ஒரு கைக்குள் அடங்காது. வருடத்தில் ஒரே ஒரு முறை தடித்த தண்டு கிளம்பி, உச்சியில் நாலு சிவப்புப் பூ திசைக்கு ஒன்றாகப் பார்த்துக்கொண்டு விரியும். பத்து நாள் இருக்கும். அந்தப் பத்து நாளும் கட்டடத்தில் ஒருவர் விடாமல் மேலே போய்ப் பார்த்தாக வேண்டும். லிஃப்ட்காரர் மட்டும் பார்த்ததாகத் தெரியவில்லை. மனைவி தொட்டிகளைப் பற்றி ஆரம்பித்தால் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, மந்தமான இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை காலை, தலை சீவிக்கொண்டிருந்த அந்த அம்மாளின் கையிலிருந்து சீப்பு நழுவியது. குனிந்து எடுக்கப் போனவரால் நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். திரும்பி வந்தபோது வலது கையும் காலும் செயலற்றுப் போயிருந்தன. அத்தனை பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "வேண்டாம்."

"மத்ததெல்லாம் உள்ளதான் இருக்கு, நீங்க பேசறது அவங்களுக்கு நல்லாப் புரியும்" என்றார் டாக்டர். "அவங்க என்ன சொல்ல நினைச்சாலும் வாயில இது ஒண்ணுதான் வரும்."

அப்படித்தான் வந்தது. டீ வேண்டுமா என்றால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இடது கையை டம்ளருக்கு நீட்டுவார். ஜன்னலைச் சாத்தவா என்றாலும் வேண்டாம், திறக்கவா என்றாலும் வேண்டாம். முதல் மாதம் வீட்டில் ஒரே அழுகை. பிறகு லிஃப்ட்காரர் கேட்கக் கற்றுக்கொண்டார். வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மனைவியின் கட்டிலைப் பால்கனிக் கதவோரம் இழுத்துப் போட்டு, நல்ல காது அவள் பக்கம் இருக்கும்படி நாற்காலியை வைத்து உட்கார்ந்தார். வெடுக்கென்று வந்தால் சரி என்று அர்த்தம். இழுத்து வந்தால் போதும் என்று அர்த்தம். அடித்தொண்டையில் வந்தால் வலி. மோட்டார் சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் ஆயிற்றே.

"அவ சொல்றது எனக்கு முழுசாப் புரியுதும்மா" என்று ஒருநாள் படியில் நிறுத்திச் சொன்னார். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல இப்பதான் புரியுது." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெருமையில்தான் லில்லிகளுக்குத் தொட்டி மாற்றக் கிளம்பினார்.

கிழங்குகள் பெருத்து, வேர் நெருக்கி இரண்டு தொட்டிகள் விரிசல் விட்டிருந்தன. இலைகள் காய்ந்து, செடிகள் தூங்கும் காலம். மனைவி அவற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைக் கவனித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழையதைப் போல இரண்டு மடங்கு அகலமான பதினாறு தொட்டிகளை வாங்கி வந்து அடுக்கினார். மண் மூட்டைகளைத் தூக்க ஒரு கை கொடுக்க நானும் மேலே போனேன்.

வேலை என்று வந்துவிட்டால் அவர் கை சுத்தம். தரையில் பழைய செய்தித்தாளை விரித்தார். திருப்புளியால் தொட்டியின் விளிம்பைச் சுற்றிக் கீறி, கவிழ்த்துத் தட்டி, கிழங்கை முழுசாக எடுத்தார். துணியால் துடைத்தார். வேர்களை எல்லாம் ஒரே சீராகக் கத்தரித்தார். புதுத் தொட்டியின் நடுவில் ஆழமாகக் குழி பறித்து, கிழங்கை இறக்கி, அதன் கழுத்தும் மறையும்படி மண்ணைப் போட்டு உள்ளங்கையால் அழுத்தினார்.

"வேண்டாம்" என்றார் மனைவி.

"இரு இரு, இன்னும் பதினஞ்சுதான்" என்றார் இவர்.

"வேண்டாம். வேண்டாம்." இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். பிறகு அந்தக் கையை மல்லாத்தி மேலே தூக்கினார். மறுபடியும் மேலே தூக்கினார்.

"தலைய ஒசத்தணுமா? அதானே?" என்று எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய், இன்னொரு தலையணையை வைத்தார். கை மறுபடியும் மேலே போனது. மின்விசிறியை வேகமாக வைத்தார். ஐந்தாவது தொட்டிக்கு வரும்போது அந்த அம்மாளின் கண்ணிலிருந்து நீர் கொட்டத் தொடங்கியது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சந்தோஷம் தாங்கலம்மா அவளுக்கு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது யோசித்து என்ன பயன்?

அன்று முதல் காலையும் மாலையும் பதினாறு தொட்டிக்கும் வாளி வாளியாகத் தண்ணீர். வாரங்கள் போயின. ஒன்றிலும் முளை வரவில்லை. கொசு வந்தது. பிறகு ஒரு நாற்றம் வந்தது. எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று அவர் பரண் வரைக்கும் தேடினார். அந்த அம்மாள் பால்கனிப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஆறாவது வாரம் மனைவியின் தங்கை வெளியூரிலிருந்து வந்தாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். அக்காவின் தலையைத் தடவிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் பால்கனிக்குப் போனாள்.

"என்ன அத்தான் இது, கிழங்கையே காணோம்?"

"உள்ள இருக்கு. நல்லா ஆழமா வெச்சிருக்கேன். ஆடாது அசையாது."

அவள் ஒரு தொட்டிக்குள் விரலை விட்டாள். விரல் தடையில்லாமல் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது பழுப்பாகக் கூழ் ஒட்டியிருந்தது. நாற்றம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அத்தான், இது பாதிக்கு மேல மண்ணுக்கு வெளிய இருக்கணும். கழுத்துல தண்ணி இறங்கினா அழுகிடும். முளை வர்ற வரைக்கும் தண்ணியே அளந்துதான் ஊத்தணும். அக்கா சொல்ல..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொன்னா" என்றார் லிஃப்ட்காரர். "சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான் தலையணைய வெச்சேன்."

பதினாறையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். இரண்டில் மட்டும் நடுவில் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. தங்கை அழுகலை வெட்டி எறிந்து, சாம்பல் தடவிக் காகிதத்தில் வைத்தாள். ஒரே வாரத்தில் அவையும் போயின. புதிதாக நாலு கிழங்கு கொண்டு வருகிறேன் என்றாள். அவர் காலித் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

தொட்டிகளைக் கவிழ்த்த அன்றே, மண் ஒட்டிய கையோடு கட்டில் அருகே தரையில் உட்கார்ந்து கேட்டார்: "எம்மேல கோவமா?"

"வேண்டாம்."

"கோவம் இல்லேங்கறியா? இல்ல, பேசாதேங்கறியா?"

"வேண்டாம்."

அதில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. அவர் மாறி மாறி அவள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார்.

பூச்செடி போனால் போகட்டும், வேறு வாங்கலாம். போனது அது மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவருக்குத் தன் காது மேல் நம்பிக்கை விட்டுப்போனது. இத்தனை மாதமும் புரிந்தது என்று நினைத்ததெல்லாம் உண்மையில் புரிந்ததுதானா, அவள் வலி என்று சொன்னதற்கு நான் போர்வை போர்த்தினேனா என்று ஒவ்வொன்றாகக் கிளறத் தொடங்கினார். சாப்பாட்டுத் தட்டை நீட்டுவார். "வேண்டாம்" என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பாதி வழியில் நின்று திரும்புவார். மறுபடி கேட்பார், மறுபடி அதே சொல். சோறு ஆறிப்போகும். ஒருநாள் நான் போனபோது ஸ்பூனைப் பிடித்தபடி கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"நீ கேட்டுச் சொல்லேன்ம்மா" என்றார். "பசிக்குதான்னு கேட்டுச் சொல்லேன்."

நான் ஊட்டினேன். அந்த அம்மாள் சாப்பிட்டார். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் சுருங்கியது.

இரண்டு மாதத்தில் அந்த அம்மாள் பாதியாக இளைத்தார். தங்கை மறுபடி வந்து பார்த்துவிட்டு, அன்றே முடிவு செய்தாள். "அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீடு தரைத்தளம். அக்கா என்கிட்ட இருக்கட்டும்."

அவர் மறுக்கவில்லை. உடைகளை அவரே மடித்து வைத்தார். மருந்துச் சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர் பின்னால் தலையணையோடு வந்தார். மூன்று மாடியும் அந்த அம்மாள் அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே போனார். கணவரை விட்டுப் பிரிந்து இருக்க வேண்டாமா, வீட்டை விட்டுப் போக வேண்டாமா, படியில் பயமா, எங்களில் யாருக்கும் தெரியவில்லை. யாரும் நிற்கவும் இல்லை.

இப்போது லிஃப்ட்காரர் மறுபடி முழுநேர வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி, நாலு மணி நேரம் பயணம் செய்து, மனைவியைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுகிறார். போன வாரம் படியில் எதிர்ப்பட்டார். "எப்படி இருக்காங்க அண்ணா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காளாம்மா" என்றார். "கொஞ்சம் சதை போட்டிருக்காளாம். தங்கச்சி சொன்னா."

"நீங்க பாத்தீங்களே?"

"பாத்தேன். மூணு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்." பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார்.