நான்கு எம்பியும் ஒரு கூடை மாம்பழமும்

ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, மேனேஜருக்குக் கூட இல்லாத ஏசி அதற்கு மட்டும் கிடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். பெரிய அதிகாரிகள் எல்லாம் வாசல் மிதியடியில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு இருபத்து நான்கு வயது. தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி.

அதன் மெமரி மொத்தம் நான்கு எம்பி. இன்று என் போனில் இருக்கும் பேரனின் ஒரு போட்டோ அதற்குள் அடங்காது. அந்த நான்கு எம்பியை எட்டு பிரிவுகளில் எட்டு திரைகள் பங்குபோட்டுக்கொண்டன. இடம் போதாவிட்டால், அந்த நேரம் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களுடைய வேலையை அது டிஸ்கில் ஒரு மூலைக்கு மாற்றிவிடும். அவர்கள் ஒரு கீயைத் தட்டினால் வேறொருவரை மூலைக்கு அனுப்பிவிட்டு இவர்களை அழைத்து வரும். எங்கள் கம்பெனி பஸ்ஸிலும் இதே ஏற்பாடுதான். கிருஷ்ணகிரியிலிருந்து உட்கார்ந்து வந்தவர்கள் சூளகிரி வந்ததும் எழுந்து, நின்றவர்களுக்கு இடம் விடுவோம்.

டிஸ்கின் அந்த மூலையும் நிரம்பிவிட்டால்தான் வம்பு. அப்போது யார் அடுத்ததாக இடம் கேட்கிறார்களோ அவர்களுடைய வேலையை அது கொன்றுவிட்டு, 'கில்ட்' (Killed) என்று ஒரே வார்த்தையை அவர்கள் திரையில் போடும். இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டவரை ஒன்றும் செய்யாது. கடைசியாகக் கை நீட்டியவர் மாட்டிக்கொள்வார். இது என்ன நியாயம் என்று எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது.

அதனால் பெரிய ரிப்போர்ட் எதையும் ஓட்டுவதற்கு முன் நான் வராந்தாவில் நின்று கத்துவேன். "ரிப்போர்ட் ஓடப்போவுது, சேவ் பண்ணிட்டு வெளிய வாங்க!" பிறகு அதையே கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. என் கன்னடத்தைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே சிலர் வெளியே வருவார்கள். எட்டுப் பேரும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ரிப்போர்ட் முடிந்திருக்கும். அந்தச் சத்தத்தையும் அந்த டீயையும் நினைத்தால் இன்றும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஸ்டோர்ஸில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். பதினைந்து வருடம் லோடிங்கில் மூட்டை தூக்கி, முதுகு போன பிறகு ஸ்டோர்ஸுக்கு வந்தவர். தங்கள் ரேக்கில் உள்ள பொருள்களை எல்லாம் சனிக்கிழமைக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றாதவர்கள் மறுபடியும் லோடிங்குக்குப் போக வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவர் அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து, பொருள் விவர அட்டைகளைப் பார்த்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அரை நாள்தான். இரண்டு மணிக்கு பஸ். மத்தூரில் எங்கள் தெருவில் திருவிழா. ஒன்றரைக்கு மாத ரிப்போர்ட்டை ஓட்டினேன். வராந்தாவுக்குப் போகவில்லை, கத்தவில்லை. அவசரம்.

பத்து நிமிடத்தில் அவர் வெறுங்காலோடு வாசலில் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ஏம்மா, நான் ஏதோ தப்பா தட்டிட்டேன் போலிருக்குது. கில்ட்னு வந்துடுச்சு. காலையிலேருந்து ஏத்துனது ஒண்ணுமே இல்லம்மா."

சேவ் செய்யச் சொல்லி யாரும் குரல் கொடுக்காததால் அவர் செய்திருக்கவில்லை. என் திரையில் இடம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் தப்பாக ஒன்றும் தட்டவில்லை. அடுத்த அட்டையை ஏற்ற ஒரு துளி இடம் கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

என் ரிப்போர்ட்தான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். "பரவால்லண்ணா, நான் தட்டுறேன், நீங்க அட்டையப் படிங்க" என்றேன்.

பஸ் போய்விட்டது. அவர் படிக்கப் படிக்க நான் தட்டினேன். களைப்பானதும் எண்கள் அவர் வாயில் தெலுங்கில் வரத் தொடங்கின. நானும் அப்படியே பழகிக்கொண்டேன். இருபது அட்டைக்கு ஒருமுறை சேவ் செய்தேன். ஐந்து மணிக்கு முடிந்தது. அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஒரு கூடை மாம்பழம் என் மேஜைக்கு வந்தது. "அன்னிக்கு நான் பண்ண தப்புக்கு நீ இல்லேன்னா மூட்டைதாம்மா" என்பார். கடைசியாக எந்தக் கீயைத் தட்டினாரோ, அதன்மேல் விரல் படாமல் வருடக்கணக்கில் வேலை செய்தார். அதைத் தொட வேண்டி வந்தால் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிடுவார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாம்பழத்தையும் சாப்பிட்டேன்.

அவர் ஓய்வு பெற்ற அன்று எல்லோர் முன்னிலையிலும் மைக்கைப் பிடித்து அந்தச் சனிக்கிழமைக் கதையைச் சொன்னார். தப்பு தன்னுடையது என்றார், காப்பாற்றியது நான் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த மெஷினை அநியாயக்காரி என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். அதுவாவது நடந்ததை ஒரே வார்த்தையில் அவர் திரையில் போட்டுவிட்டது. நான் அதைக்கூடச் சொல்லவில்லை.