அமாவாசைக்கு மறுநாள்

எண்பத்தொன்பதில் எனக்குக் கல்யாணம் ஆனது. தேன்நிலவுக்குக் கொடைக்கானல் போவதாக ஏற்பாடு. கிளம்ப வேண்டிய வாரத்தில் பௌர்ணமி வந்தது. "பௌர்ணமி தாண்டட்டும், போலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் புதுப்பெண், தலையை ஆட்டினேன். அந்தப் பௌர்ணமி தாண்டியது, அடுத்தது வந்தது. கொடைக்கானல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறதாம், பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அவர் லாட்ஜ் நடத்துகிறவர். திருவண்ணாமலையில், தேரடித் தெருவிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் எங்கள் லாட்ஜ். முன்பக்கம் கவுன்டர், பின்பக்கம் எங்கள் வீடு. கவுன்டர் மேல் ஒரு பித்தளை மணி இருக்கும். உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம். அதைக் கேட்டுவிட்டால் அவர் வாயில் வைத்த கவளத்தை மென்றுகொண்டே எழுந்து ஓடுவார். வெந்நீர் வரவில்லை, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம், மலை சுற்ற எந்தப் பக்கம் போகணும். மலை எதிரிலேயே அத்தனை பெரிதாக நிற்கிறது, அதற்கும் வழி கேட்பார்கள். அவரும் முதல் தடவை சொல்வதுபோல ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்வார். அந்தப் பொறுமையில் கால்பங்கு உள்ளே வந்திருந்தால் நான் இதையெல்லாம் எழுதியிருக்கவே மாட்டேன். எனக்குச் சக்களத்தி என்று யாரும் கிடையாது, அந்த மணியைத் தவிர.

தொண்ணூறுகளில் கிரிவலக் கூட்டம் பெருகியது. முன்பெல்லாம் பௌர்ணமிக்குப் பாதியும் தீபத்துக்கு மட்டும் முழுதுமாக நிரம்பிய ரூம்கள் மாதாமாதம் முழுக்க நிரம்ப ஆரம்பித்தன. எங்கள் சோறும் துணியும் மகளின் படிப்பும் அதில் வந்ததுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டில் மாதம் என்பது ஒன்றாம் தேதி பிறக்காது. பௌர்ணமிக்குத் தயாராவது, பௌர்ணமி, பௌர்ணமிக்கு அப்புறம் போர்வை துவைப்பது என்று மூன்றே பாகம். மகள் சிங்கப்பூரில் வேலைக்குப் போனதும் எங்களைக் கூப்பிட்டாள். பாஸ்போர்ட்கூட எடுத்தோம். அப்புறம் வழக்கம்போலத்தான். கடைசியில் அவளே லீவு போட்டு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

செங்கம் ரோட்டில் ஒரு டிராவல்ஸ் கடை உண்டு. வெளிநாட்டுக்காரர்களுக்கு விமான டிக்கெட் போடும் இடம். கடைக்காரர் எங்கள் ஊரிலேயே பல தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பாய், என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். லாட்ஜில் தங்கும் வெள்ளைக்காரர்களை இவர் அங்கே அனுப்புவார். அந்தக் கடைச் சுவரில் பாலித் தீவின் படம் ஒட்டியிருந்தது. படிப்படியாக இறங்கும் வயல், தென்னைமரம், பின்னால் நீலமாகக் கடல். மகள் வந்துபோன மறுவருஷம் ஒரு சாயங்காலம், அந்தப் படத்தைக் காட்டி, போகலாமா என்று இவரிடம் கேட்டேன்.

"வயலும் தென்னமரமும் பாக்கவா அவ்ளோ தூரம் போவணும்? அடி அண்ணாமலை பக்கம் ஒரு நடை போனா ஆச்சு."

"அங்க கடல் இருக்குதா?"

"அதுக்குப் பாண்டிச்சேரி போலாம்."

"எப்போ?"

"பௌர்ணமி தாண்டட்டும்."

பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்நிய மனிதர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "எனக்குக் கடலும் வேணாம், வயலும் வேணாம். அந்த மணி கேக்காத எடத்துல ஒரே ஒரு நாள் உங்களோட உக்காந்திருக்கணும். கடலத் தாண்டினாதான் அது கேக்காதுன்னு தோணுது. அதுக்குத்தான் கேட்டேன்."

மறுநாள் காலை இவர் கவுன்டரில் மாட்டியிருந்த காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லாட்ஜ்காரர்கள் காலண்டர் பார்க்கும் விதமே தனி. ஊரார் முகூர்த்த நாள் தேடுவார்கள். நாங்கள் ஆள் வராத நாளைத் தேடுவோம். பௌர்ணமிக்கு நேர் எதிரில் அமாவாசை. அதற்கு மறுநாள் பிரதமை, எங்கள் பக்கம் அன்றைக்குப் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், பயணமும் கிளம்ப மாட்டார்கள். லாட்ஜில் ஈ ஓட்டுகிற நாள் அதுதான். ஆகவே பங்குனி அமாவாசையன்று பாலியில் போய் இறங்குவது, மறுநாள் ஒரு காரை வைத்துக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றுவது, உத்திரத்துக்குக் கூட்டம் சேருவதற்குள் ஊர் திரும்புவது என்று முடிவு செய்தோம். அதுவரை லாட்ஜை என் தம்பி பார்த்துக்கொள்வான்.

முடிவு செய்த பிறகு இவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! தினமும் பாய் கடைக்குப் போய், அங்கே தங்கப்போகும் ஹோட்டலைப் பற்றிக் குறுக்கு விசாரணை. "இருவத்திநாலு மணி நேரமும் வெந்நீர்னு போட்டிருக்கானே, நம்பலாமா பாய்? இதே பொய்யத்தான் நானும் போர்டுல எழுதி வெச்சிருக்கேன்." நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கார்ப் பயணத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலில் கடற்கரை, அப்புறம் அந்தப் படியடுக்கு வயல், சாயங்காலம் மறுபடி கடற்கரை.

டிக்கெட் போடப்போகிற அன்று பாய் முகம் சரியில்லை. சென்னை ஏஜென்ட் போன் செய்தாராம்.

"அண்ணே, அமாவாசைக்கு மறுநாள் அங்க அவங்களுக்கு வருஷப் பொறப்பாம். ஆனா நம்ம மாதிரி கொண்டாட மாட்டாங்களாம். அன்னிக்கு முழுக்க ஒரு வண்டி ஓடாது, கடை கெடயாது. ரோட்டுல ஒருத்தர் நடக்கக் கூடாது. நாம ஹோட்டல விட்டு வெளிய வர முடியாது. ராத்திரி வெளிச்சம்கூட வெளிய தெரியக் கூடாதாம். ஏர்போர்ட்டையே மூடிடுவாங்களாம்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆள் வராத நாளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுத்தோம். ஊரே இல்லாத நாளாகப் போய் அமைந்தது.

"ஒரு வாரம் தள்ளிப் போட்டுடலாமா அண்ணி?" என்று பாய் என்னைக் கேட்டார். ஒரு வாரம் தள்ளினால் திரும்புவதற்குள் உத்திரம் வந்துவிடும். அடுத்து இவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுவிட்டால் இனி எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, சுவரிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாய், அன்னிக்குப் புதுசா கெஸ்ட்டு யாரும் வர மாட்டாங்களா?"

"எப்படிண்ணே வருவாங்க? ஏர்போர்ட்டே இல்லியே."

"காலி பண்ணிட்டும் யாரும் போக மாட்டாங்க?"

"போக விட மாட்டாங்கண்ணே."

"ஊர்ல இருக்கற அத்தினி லாட்ஜும் அப்படித்தானா?"

"அத்தினியும்தான்."

"வருஷத்துல ஒரு நாள் லாட்ஜ்காரனுக்குனே வெச்சிருக்கானுங்க, பாரேன்" என்று இவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் பாயிடம், "அதே தேதிக்குப் போடுங்க. மாத்தாதீங்க" என்றார்.

போனோம். இறங்கிய அன்று சாயங்காலம் தெருவெல்லாம் பெரிய பெரிய பூத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு மேளம் கொட்டி ஆடினார்கள். மறுநாள் விடிந்தபோது ஒரு ஹாரன்கூட இல்லை, நாய் குரைக்கும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. கடல் எங்கள் ஹோட்டலுக்கு எதிரில்தான் இருந்தது. மணலில் கால் வைக்கக் கூடாதென்று வாசல் கதவைச் சாத்தியிருந்தார்கள். இவர் பழக்கதோஷத்தில் விடிந்ததும் கவுன்டர் பக்கம் போனார். அங்கே உட்கார்ந்திருந்த ஆள், உதட்டில் விரலை வைத்துச் சிரித்து, திருப்பி அனுப்பிவிட்டான்.

ரூமில் இருந்த கெட்டிலில் வெந்நீர் போட்டு, இவரே எனக்குக் காபி கலக்கினார். சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

"ஏன், சர்க்கரை போடறதில்லயா நீ?"

"விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு."

அவர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "எனக்குத் தெரியவே இல்லயே" என்றார். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். கேட்டாரே என்று சந்தோஷமாக இருந்தது.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை மத்தியானம் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டோம். அவர் கடைசிப் பருக்கை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மதிலுக்கு மேலே தெரிந்த அளவுக்குக் கடலைப் பார்த்தோம். மகளைப் பற்றிப் பேசினோம். என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். கொடைக்கானலைப் பற்றியும் பேச்சு வந்தது, இரண்டு பேரும் சிரித்தோம்.

வெயில் தாழ்ந்து இருட்ட ஆரம்பித்தது. எங்கும் ஒரு விளக்கு எரியவில்லை. இவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார். சரி, லாட்ஜ் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இன்னும் எவ்ளோ நேரம் இருக்குது இதெல்லாம் முடிய?" என்றார்.

"காலையில தொறந்துடுவாங்க. ஏன், போர் அடிக்குதா?"

"இல்ல" என்றார். "அதுக்குள்ள முடிஞ்சிடப் போவுதேன்னு கேட்டேன்."